ஊதுகிற எண் அசையவில்லை, ஆனால் நடக்க முடிகிறது: இன்ஹேலர் பலனை எதில் பார்ப்பது?

வணக்கம் மக்களே. ஸ்பைரோமெட்ரி பற்றிப் போட்ட வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் குறுகி, நாள்பட்டு நீடிக்கும் நுரையீரல் நோய்). இன்ஹேலர் எடுத்த பிறகும் ஊதுகிற சோதனையில் எண் பெரிதாக ஏறவில்லை. ஆனால் படி ஏற முன்னைவிட லேசாக இருக்கிறது என்கிறார். எதை நம்புவது?" அப்பாவை நம்புங்கள். ஏன் என்றுதான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஊதுகிற சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது எஃப்இவி1. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பலமாக ஊதும்போது முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்ற கணக்கு. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு இது 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால் பலன் உண்டு என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்களின் 2005 வழிகாட்டி சொன்னது. 2021-இல் கணக்கிடும் முறை மாறியது. அது கிடக்கட்டும். இந்தச் சோதனை முழுக்க நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மூச்சு வாங்குவது உட்கார்ந்திருக்கும்போதா?

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேகமாக மூச்சு விட வேண்டியிருக்கிறது, அதனால் வெளியே விடுவதற்கான நேரம் குறைகிறது. குழாய்களோ குறுகிக் கிடக்கின்றன. பஸ்ஸில் இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிறவர்கள் முண்டியடிப்பது போல, பழைய காற்று போய்த் தீருவதற்குள் அடுத்த மூச்சு உள்ளே வருகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கி, நெஞ்சு உப்பிக்கொண்டே போகிறது. புதிதாக இழுக்க இடம் இருக்காது. "இழுக்கவே முடியலைங்க" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். மருந்து செய்கிற பெரிய உதவி, இந்தத் தேக்கத்தைக் குறைப்பது. எஃப்இவி1 அதில் ஒரு பகுதியைத்தான் காட்டும். அதனால்தான் நல்ல சோதனைக் கூடங்களில், சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது "இப்போது முழுசா உள்ளே இழுங்க" என்பார்கள். இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அளக்கிறார்கள்.

சரி, எந்த நடைச் சோதனை? எல்லாருக்கும் தெரிந்தது ஆறு நிமிட நடை. 30 மீட்டர் நீள வராந்தாவில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பது. எளிமையானது, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் உதவும். ஆனால் மருந்தின் பலனைப் பிடிக்க எனக்கு இதன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. வேகத்தை நோயாளியே முடிவு செய்கிறார். மருந்துக்குப் பிறகும் பழகிய வேகத்திலேயே நடந்துவிட்டு, மூச்சு மட்டும் குறைவாக வாங்கலாம். தூரம் மாறியிருக்காது. போதாததற்கு, இரண்டாவது முறை நடக்கும்போது மருந்தே இல்லாமலும் பலருக்குத் தூரம் கூடும், பழக்கம்தான் காரணம். சுமார் 30 மீட்டர் வித்தியாசத்தைத்தான் பொருட்படுத்துவார்கள் எனும்போது, இது சின்ன விஷயம் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைக் கூட்டி, முடியாத இடத்தில் நிறுத்துகிற சோதனையும் உண்டு. அதிலும் மருந்தின் வித்தியாசம் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் அதை வைத்து ஒருவரின் உச்சம் தெரிந்துவிடும். அந்த உச்சத்தில் 75 அல்லது 80 சதவீதச் சுமையை மாற்றாமல் வைத்து, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்று பார்த்தால், அங்கேதான் மருந்து தன் வேலையைக் காட்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் டயோட்ரோபியம் என்ற இன்ஹேலர் மருந்தை சைக்கிளில் இப்படிச் சோதித்து 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. 42-ஆம் நாளில், மருந்தில்லாத போலி இன்ஹேலர் எடுத்தவர்களைவிட டயோட்ரோபியம் எடுத்தவர்கள் சராசரியாக 105 நொடி அதிகம் மிதித்தார்கள்.

நேரம் மட்டும் போதாது. ஐந்தாவது நிமிடத்தில் மூச்சிரைப்பு 0 முதல் 10 வரை எத்தனை என்று மருந்துக்கு முன்னும் பின்னும் கேட்டு ஒப்பிட வேண்டும். முன்பு 7, இப்போது 4 என்றால், மொத்த நேரம் அதிகம் கூடாவிட்டாலும் பலன் இருக்கிறது.

இன்னொன்று, பலரும் கேட்க மறப்பது: "ஏன் நிறுத்தினீங்க, மூச்சா, காலா?" சைக்கிளில் தொடை சீக்கிரம் ஓய்ந்துவிடும். கால் வலித்து நிறுத்துகிறவருக்கு எந்த இன்ஹேலர் கொடுத்தாலும் நேரம் பெரிதாகக் கூடாது, மருந்து தோற்றது போலத் தெரியும். அதனால்தான் பீப் ஒலிக்கு ஏற்ப இரண்டு குறிகளுக்கு நடுவே ஒரே வேகத்தில் போய்ப் போய் வருகிற ஷட்டில் நடை இதற்குத் தோதானது என்பேன். நடையில் மூச்சுதான் பெரும்பாலும் முதலில் தடுக்கிறது. காலே பிரச்சினை என்றால் அவருக்குத் தேவை மருந்து மாற்றம் இல்லை, உடற்பயிற்சியோடு கூடிய நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி.

இதையெல்லாம் வீட்டில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர் இந்தச் சோதனைக்கே போகக் கூடாது. சோதனைக்காக இன்ஹேலரை எப்போது நிறுத்த வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அப்புறம், போவதற்கு முன்னால் இன்ஹேலரை அவர் எப்படி இழுக்கிறார் என்று நர்ஸிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். தொண்டையிலேயே தங்கிவிட்ட மருந்தை எந்தச் சோதனையில் அளந்து என்ன பயன்?