தலையை எண்ணினால் போதாது

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் மழையில் இவ்வளவு பேர் வந்ததே பெரிய விஷயம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய கம்பெனிகளில் பெண்கள் ஏன் குறைவு என்று உலகம் முழுக்க ஒரு சண்டை நடக்கிறது, தெரியும்தானே. 2014இல் கூகிள் தன் கணக்கை வெளியே விட்டது: மொத்த ஊழியரில் பெண்கள் 30 சதவீதம், தொழில்நுட்ப வேலையில் 17தான். 2017இல் அங்கே வேலை செய்த ஜேம்ஸ் டமோர் என்ற பொறியியலாளர், இதற்கு ஆண் பெண் இயற்கை வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நீளமாக எழுதினார், வேலை போனது. போனது நியாயமா இல்லையா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த ‘இயற்கை’ பேச்சில்தான் அக்கறை, ஏனென்றால் அது நம்ம தேயிலை மலைக்கு ரொம்பப் பழசு.

பொம்பளைக்கு விரல் மெல்லிசு, பொறுமை கூட, கொழுந்துக்கு அவள்தான் பொருத்தம் என்றார்கள். சரி, அவ்வளவு பொருத்தமான ஆளுக்குக் கூலியும் கூடத்தானே இருக்க வேண்டும்? 1984இல் வேலைநிறுத்தம் செய்து சம்பளம் சமமாகிற வரைக்கும், ஒரு நாள் வேலைக்கு அவளுக்கு ஆணைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள்.

1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் தனியாரிடம் போனதிலிருந்து நம்மிடமும் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே தலையை எண்ணினால் மலையில் பெண்கள்தான் கூட, கூகிளே வெட்கப்பட வேண்டும்! ஆனால் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டில் பேர் கூப்பிடுவது யார், கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோவைக் கழிப்பது யார், கணக்கப்பிள்ளை யார், பங்களாவில் இருக்கிற தோட்ட மேனேஜர், அந்தத் துரை யார்? சில தோட்டங்களில் வேலையை மேற்பார்க்கிற பெண் கங்காணிகள் வந்திருக்கிறார்கள், சந்தோசம், ஆனால் போட்டோ எடுத்துப் போடுகிற அளவுக்கு அது இன்னும் அபூர்வம். சமமான சம்பளத்திலும் பாருங்கள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அண்ணன் அன்றைக்குக் கொடுத்த கணக்கை முடித்துவிட்டு மத்தியானத்தோடு லயத்து வீட்டுக்குப் போய்விடலாம், விடியமுன் எழும்பிச் சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வந்த அக்கா கடைசி நிறுவை வரைக்கும் மலையில்தான் நிற்க வேண்டும்.

சங்கங்களையும் விட முடியாது. மீனாட்சி அம்மாள், தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய தன் கணவர் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆள் சேர்த்தவர். அதற்கப்புறம் இத்தனை வருசமாகச் சந்தா கட்டுவது பெண்கள், நாற்காலியில் இருப்பது ஆண்கள். இந்த மேடையையே பாருங்களேன்.

ஆகவே தங்கச்சிமாரே, கொழும்பிலிருந்து ஆள் எடுக்க வருகிறவர்கள் ‘எங்களிடம் பாதிப் பேர் பெண்கள்’ என்றால் கைதட்டிவிட்டு உட்காராதீர்கள். எந்தத் தரத்தில் எத்தனை பேர், போன வருசம் யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வாகனம் உண்டா, பிள்ளை பெற்றுத் திரும்பியவளுக்குப் பழைய வேலையே கிடைத்ததா என்று கேளுங்கள். தோட்டக் கம்பெனிகளிடமும் இதே கேள்விதான். வழுவழு தாளில் ஆண்டறிக்கை போடுகிறார்களே, அதில் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என்று பிரித்து ஆண் எத்தனை பெண் எத்தனை என்று போடட்டும்.