சிபில் அடிபட்டவருக்குப் பழைய கார் கடன்: அந்த "ஒரு ரூபாய் வட்டி" உண்மையில் எவ்வளவு?

(திரையில்: பைபாஸ் ஓரம், வரிசையாக நிற்கும் பழைய கார்கள்)

ஒட்டன்சத்திரமோ சங்கரன்கோவிலோ, எந்த ஊரானாலும் பைபாஸ் ஓரத்தில் நாலைந்து கார் நிற்கும், மேலே "ஆட்டோ கன்சல்டிங்" என்று போர்டு இருக்கும். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிபில் கொஞ்சம் கம்மி" (பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் மதிப்பெண்தான் சிபில்) என்று இழுத்தால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: "அதெல்லாம் பாத்துக்கலாம்ண்ணா. ஒரு ரூபா வட்டியில போட்டுத் தர்றேன்."

கடன் கிடைக்கும் என்று அவர் சொல்வது பொய்யில்லை. அந்த ஒரு ரூபாய்தான் விவகாரம்.

(திரையில்: கணக்கு)

நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் கார், உங்கள் கையிலிருந்து 1 லட்சம், கடன் 3 லட்சம், 3 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி வருஷத்துக்கு 36,000, மூன்று வருஷத்துக்கு 1,08,000. அசலோடு சேர்த்து 4,08,000. 36 மாதத்துக்குப் பிரித்தால் மாத டியூ 11,333 ரூபாய்.

இதில் எங்கே இடிக்கிறது? மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள். இரண்டு வருஷம் கழித்து உங்கள் கையில் இருப்பது 3 லட்சம் இல்லை, அதில் பெரும்பகுதி திரும்பிப் போயிருக்கும். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 3 லட்சத்துக்கும் ஓடுகிறது. இதற்குப் பெயர் ஃபிளாட் ரேட். குறைகிற அசலுக்கு மட்டும் 12 சதவீதம் என்றால் டியூ சுமார் 9,964 ரூபாய்தான் வரும். மொத்தத்தில் கிட்டத்தட்ட 49,000 ரூபாய் வித்தியாசம். இந்த ஃபிளாட் 12 சதவீதத்தைக் குறையும் அசல் கணக்குக்கு மாற்றினால் வருஷத்துக்குச் சுமார் 21 சதவீதம். அதாவது ஒரு ரூபாய் இல்லை, ஒரு ரூபாய் 77 பைசா.

அதோடு முடியவில்லை. பிராசஸிங் ஃபீஸ் 6,000, கடனுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் 9,000, டாக்குமெண்ட், வேல்யுவேஷன் என்று 3,000. பிடித்தம் இப்படி 18,000 போனால் உங்களுக்காக உண்மையில் வெளியே வருவது 2,82,000. டியூ அதே 11,333. இப்போது கணக்குப் போட்டால் வருஷ வட்டி 25.8 சதவீதம். மாதம் 2 ரூபாய் 15 பைசா!

கன்சல்டிங்காரர் மீது கோபப்பட வேண்டியதில்லை. வண்டி விற்றாலும் அவருக்கு லாபம்; கடன் ஏற்பாடு செய்தால் அதற்கும் பெரும்பாலும் ஃபைனான்ஸ் கம்பெனி கமிஷன் கொடுக்கும். அதனால் அவர் காட்டும் கம்பெனி உங்களுக்கு மலிவான கம்பெனியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், அவ்வளவுதான். கடனை நீங்களே தனியாக இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

(திரையில்: கேஎஃப்எஸ் மாதிரித் தாள்)

இவ்வளவு கணக்கை உட்கார்ந்து போட வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் கடன்களுக்குக் கேஎஃப்எஸ் என்ற விவரத்தாள் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். நாம் மேலே போட்ட 25.8 அதுதான், இன்ஷூரன்ஸ் மாதிரி வேறு கம்பெனிக்காகப் பிடிக்கும் பணமும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்க முடியாது. கையெழுத்துப் போடுமுன் யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னைக்கே போடலன்னா வண்டி போயிடும்" என்று அவசரப்படுத்தினால் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

சரி, சிபில் குறைவு என்றால் யார்தான் கொடுப்பார்கள்?

மதிப்பெண் 300-இலிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கியில் மரியாதை. 600-களில் இருந்தால், மேனேஜர் சொந்தக்காரராகவே இருந்தாலும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் விடாது. அதற்கப்புறம் ஃபைனான்ஸ் கம்பெனிகள்தான். நம் ஊரில் அதற்கு நீண்ட பழக்கம் உண்டு: சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-இல் தொடங்கியது, சோழமண்டலம் 1978-இல், ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் 1979-இல். ஸ்ரீராம் வளர்ந்ததே வங்கிக்குள் போக முடியாத பழைய லாரி வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுத்துத்தான்.

இங்கே சின்ன ஊர் உங்களுக்குச் சாதகம். ஃபைனான்ஸ் ஆள் நேரில் வருவார். வீடு சொந்தமா, கடை எத்தனை வருஷமாக நடக்கிறது என்று பார்ப்பார், பக்கத்து டீக்கடையில் விசாரிப்பார். காய்கறி மண்டியில் தினமும் பணம் புரள்கிறது என்றால் அதை ஆறு மாதமாவது பேங்க் கணக்கு வழியாக ஓட்டிக் காட்டுங்கள். கையில் புரளும் ரொக்கத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நல்ல சிபில் உள்ள மனைவியையோ மகனையோ கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் வட்டி குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் டியூ தவறினால் அவர்கள் சிபிலும் சேர்ந்தே அடிபடும்.

இன்னொன்று. கடன் தருபவர் பார்ப்பது கன்சல்டிங்காரர் சொல்லும் விலையை இல்லை, வேல்யுவர் போடும் மதிப்பை. வண்டி பழசாக ஆக முன்பணம் கூடும், தவணைக் காலம் சுருங்கும்.

(திரையில்: கிரெடிட் ரிப்போர்ட்)

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் வாங்கிய கடன்களின் வரலாறு இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் படிப்பது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இதைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும்.

உள்ளே என்ன இருக்கும்? செல்போன் வாங்கியபோது போட்ட இஎம்ஐயில் கடைசி இரண்டு தவணை நின்றிருக்கும். மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து இருக்கும். அவர் கட்டாதது உங்கள் பெயரில் நிற்கும். மகளிர் குழுவில் வாங்கிய மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் மனைவியின் ரிப்போர்ட்டில் வரும். முக்கியமாக "செட்டில்டு" என்ற வார்த்தையைத் தேடுங்கள். 40,000 பாக்கிக்கு 22,000 கட்டி முடித்துக்கொண்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு அது பாதியில் விட்ட கடன். மீதியைக் கட்டி, "க்ளோஸ்டு" என்று மாற்றச் சொல்லி, நோ டியூ சான்று வாங்குவது, பாக்கி சின்னதாக இருந்தால் நிச்சயம் லாபம்தான்.

தப்பான பதிவு இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகப் புகார் போடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் புதுப்பிக்கப்படுகிறது. பழைய மாதிரி ரொம்பக் காத்திருக்க வேண்டாம். "5,000 கொடுங்க, சிபிலை 750 ஆக்கித் தர்றேன்" என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அவர் செய்யக்கூடியது இந்தப் புகார் ஒன்றுதான்.

வீட்டில் நகை இருந்தால் ஒரு யோசனை. நகைக்கடனுக்குச் சிபில் பெரும்பாலும் தடையாக இருக்காது. வங்கியில் அதன் வட்டி நாம் பார்த்த 25.8-இல் பெரும்பாலும் பாதிகூட வராது. முழுப் பணத்துக்கு இல்லாவிட்டாலும் முன்பணத்தைக் கூட்டி, கார் கடனைச் சின்னதாக்கலாம். திருப்ப முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும், அதையும் வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு வழிகளைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஒன்று, "வண்டிய எடுத்துக்கோங்க, மீதி டியூவ நீங்க கட்டிக்கோங்க" என்கிற ஏற்பாடு. ஆர்.சி. விற்பவர் பெயரில், கடன் அவர் பெயரில், பணம் மட்டும் உங்களுடையது. அவருடைய வேறு கடன் சிக்கல் ஏதாவது வந்தால் வண்டிக்கும் ஆபத்து. நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் உங்கள் சிபில் ஒரு புள்ளி ஏறாது. இரண்டு, நிரப்பாத செக்கையும், கையெழுத்து மட்டும் போட்ட ஃபாரம் 29, 30-ஐயும் வாங்கி வைத்துக்கொள்ளும் உள்ளூர் ஃபைனான்ஸ். அந்த இரண்டு ஃபாரமும் பெயர் மாற்றத்துக்கானவை. உங்கள் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வண்டி எடுக்கும்போது அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, பழைய ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதாக ஆர்.சி.யில் உள்ள பதிவு) நிற்கிறதா, அபராத பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹெச்.பி. இருந்தால் அந்த வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஹெச்.பி.யை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன கட்டணம் என்றும் கேட்டுவிடுங்கள். வாகனக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி, அதனால் அந்தக் கட்டணம் இருக்கும்.

கடைசி டியூ கட்டியதும் அதே ஃபாரம் 35-ஐ உங்கள் ஃபைனான்ஸில் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் ஹெச்.பி. கேன்சல் செய்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்து, இந்தக் கடன் "க்ளோஸ்டு" என்று ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.