பாடப் பாட ராகம்: பெங்களூரின் புதிய கதைக்காரர்களுக்கு

(அல்சூரில் நடந்த சிறுகதைப் பயிலரங்கின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் ஐயா அவர்களே, இரண்டு நாளும் வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட அறங்காவலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து நம்மைப் பெருமைப்படுத்தும் கன்னட எழுத்தாளர் ஐயா அவர்களே, மாநகராட்சி முன்னாள் உறுப்பினர் அம்மா அவர்களே, சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் தந்த சிவாஜிநகர் வணிகப் பெருமக்களே, என்னிடம் தமிழ் படித்து இன்று தங்கள் பிள்ளைகளோடு வந்திருக்கும் என் மாணவர்களே, கையில் கதையோடு வந்திருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் முறையாகாது. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர் அவர். தானே எழுதி, தானே தைத்து, மர்பி டவுனிலிருந்து காக்ஸ் டவுன் வரை சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுப்பார். ஒரு வாரம் கழித்து வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பார். என் முதல் கதை அதில்தான் வந்தது. ஐயா, அந்த நன்றியை இந்த மேடையில் மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். கன்னட எழுத்தாளர் ஐயாவுக்கு அவர் மொழியிலேயே: பந்தித்தக்கே தும்பா தன்யவாதகளு, வந்ததற்கு மிக்க நன்றி.

கதை எழுத வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஐந்து விஷயங்கள் சொல்ல நினைத்திருக்கிறேன். கதையை எங்கே தேடுவது, பாத்திரங்களை எப்படிப் பேசவைப்பது, எழுதியதை எப்படித் திருத்துவது, எதைப் படிப்பது, பத்திரிகைக்கு எப்படி அனுப்புவது. இந்த ஐந்துக்கும் அடியில் என் பாட்டி சொல்லும் ஒரு பழமொழி இருக்கிறது. பாடப் பாட ராகம், மூட மூட ரோகம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது மனப்பாடம். பாடிக்கொண்டே இருந்தால் ராகம் வரும், மூடி வைத்தால் நோய் வரும். எழுதுகிறவருக்கு இதைவிட நேரான அறிவுரை எனக்குத் தெரியாது. நேரம் கிடைத்தால் எழுதுவேன் என்கிறீர்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கும் ஊர் இது, நேரம் தானாக வராது. அரைப் பக்கம் போதும், தினம் எழுதுங்கள். அந்த அரைப் பக்கம் நன்றாக இல்லாவிட்டாலும் மறுநாள் உட்காருங்கள். மனநிலைக்காகக் காத்திருப்பவர் கதையை முடிப்பதே இல்லை.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

சில வருஷம் முன்னால் இப்படி ஒரு பயிலரங்கில் தங்கவயல் பையன் ஒருவன் கதை படித்தான். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவன். மாரிகுப்பத்தில் கிளம்பும் வண்டி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று, பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏற்றி, கண்டோன்மென்ட் வந்து சேரும். அந்த வண்டியில் நின்றுகொண்டே வருகிறவன். அவன் கதை எப்படித் தொடங்கியது தெரியுமா? "மெரினா கடற்கரையில் சூரியன் மெல்ல மறைந்துகொண்டிருந்தது." தம்பி, மெரினா போயிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை டீச்சர் என்றான். கதையில் வரும் பெண் சென்னைக் கல்லூரியில் படிக்கிறாள், காதலன் அமெரிக்கா போகிறான். சென்னையையும் அவன் பார்த்ததில்லை, அமெரிக்காவையும் பார்த்ததில்லை. நான் கதையை விட்டுவிட்டு அவன் வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். தாத்தா என்ன வேலை?

"மைன்ஸ்ல அண்டர்கிரவுண்டு, டீச்சர்."

ஆயா, அதாவது பாட்டி?

"ஆயா வீட்லதான். அது ஒரு மாதிரி, டீச்சர். லாரி போய் அலமாரிப் பாத்திரம் ஆடிச்சின்னா போதும், செய்யற வேலைய அப்படியே வுட்டுட்டு வாசல்ல போய் நின்னுக்கும். மைன்ஸ் மூடி இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் நின்னுக்குது."

அறையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அவ்வளவு கீழே தாதுவை எடுத்துவிட்டால், மேலே இருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் சுவர்ப் பாறை வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்று அங்கே குழந்தைகூடச் சொல்லும். கீழே வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் ஆடும். புருஷன் கீழே இருக்கிறான், பாத்திரம் ஆடுகிறது, யார் வீட்டுக்கு என்ன சேதி வரும் என்று தெரியாது. பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அந்த அம்மாவின் கால்களுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இதெல்லாம் கதையா டீச்சர்?" என்று கேட்டான்.

மண்டபத்தில் இப்போது நீங்கள் எப்படி அமைதியாக இருக்கிறீர்களோ அப்படித்தான் அன்றும் இருந்தார்கள். இதுதான் தம்பி கதை, மெரினாவைச் சென்னைக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும், போய் எழுது என்றேன். அடுத்த மாதம் எழுதிக்கொண்டு வந்தான். வருவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறான். ஆயா கேட்டுக்கொண்டே இருந்து, நடுவில் நிறுத்தியிருக்கிறார். "நான் வெறுங்கையோட போவல. அரிசி களைஞ்ச கையோட போய் நின்னேன். தாத்தா வர்ற வரைக்கும் கைல ஒட்டின அரிசி காஞ்சி போச்சி." இவன் அவரைத் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்திருந்தான். சினிமாவில் பார்த்துப் பார்த்து நம் கைக்குத் தாலிதான் முதலில் வருகிறது. ஆயா சொன்ன காய்ந்த அரிசி எந்தச் சினிமாவிலும் இல்லை. பயப்படுகிற மனுஷியின் கை அந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள், பயத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்காது. நான் சொல்ல நினைத்த மூன்றாவது விஷயமான திருத்தம் இதிலேயே வந்துவிட்டது. சத்தமாகப் படியுங்கள். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் காதில் விழும்படி படியுங்கள். நாக்கு தடுக்குகிற வாக்கியத்தை மாற்றுங்கள். முதல் பத்தியை எடுத்துவிட்டும் கதை நிற்கிறதா என்று பாருங்கள். பாதிக் கதைகள் நிற்கும்.

பேச்சு பற்றிச் சுருக்கமாக. நம் பெங்களூர்த் தமிழில் கன்னடம் வரும், உருது வரும், இங்கிலீஷ் வரும். ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற பாத்திரத்தை மேடைத் தமிழ் பேசவைக்காதீர்கள். ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மா ஒரே நிமிஷத்தில் மூன்று மொழியில் பேரம் பேசுகிறார். அந்தக் காதைப் பயன்படுத்துங்கள்.

அந்தத் தங்கவயல் பையன் கதையில் நான் இன்னும் முடிக்காத பகுதி ஒன்று இருக்கிறது, இன்றைக்கு நான் மேடையேறியதே அதற்காகத்தான். அவன் கதை ஒரு சிற்றிதழில் அச்சில் வந்தது. இதழைக் கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்தான். ஆயாவைப் பற்றிய கதை. அவளால் படிக்க முடியவில்லை. வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிற பெண், பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும் படித்தவள், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அண்ணன்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. நண்பர்களே, நீங்கள் எழுதும் கதையை உங்கள் வீட்டுப் பிள்ளையே படிக்க முடியாதென்றால் யாருக்காக எழுதுகிறோம்? ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எத்தனை வீட்டில் இதே நிலை என்று இங்கே இருக்கும் பெற்றோருக்குத் தெரியும்.

பிள்ளைகள் கன்னடம் படிக்கட்டும், நன்றாகப் படிக்க வேண்டும். வாழ்கிற மண்ணின் மொழி அது. வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் முன்னோடியாகி 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றார். கன்னட எழுத்தாளர் ஐயாவுக்கு முன்னால் இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை. இதே அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை மொழிச் சர்ச்சையால் 18 ஆண்டுகள் துணி சுற்றி நின்றது. மூட மூட ரோகம் என்பதை இந்த ஊர் கண்ணால் கண்டது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி அதைத் திறந்தார்கள், நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதனால் நான் கேட்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தமிழ் வாசிப்பு வகுப்பு. தமிழில் 247 எழுத்து என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கைதான். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் முதல் நாளே படம், மடம், பட்டம் என்று குழந்தை தானாகப் படிக்கும். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! எழுத்து கூட்டத் தெரிந்த பிறகு பாடப் புத்தகம் வேண்டாம், உங்கள் கதைகளைக் கொடுங்கள். எழுதுகிறவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. பத்து வயதுப் பிள்ளை எந்த வரியில் நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிறதோ, அந்த வரியை வீட்டுக்குப் போய் வெட்டுங்கள். பாடப் பாட ராகம் என்று நான் சொல்வது உங்களுக்கும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நன்றியுரைக்கு நேரமாகிவிட்டதென்று செயலாளர் சொல்கிறார். எதைப் படிப்பது, எங்கே அனுப்புவது என்பதை மாலைத் தேநீரின்போது கேளுங்கள், சொல்கிறேன். அறங்காவலர் ஐயா இந்த மண்டபத்தின் பின்னறையை ஞாயிறு காலைக்குத் தருவதாக இப்போதுதான் என்னிடம் சொன்னார். அவருக்கு எல்லோரும் கைதட்ட வேண்டும். மாநகராட்சி முன்னாள் உறுப்பினர் அம்மா அவர்களும் தங்கள் வார்டில் ஓர் அறை பார்த்துத்தர வேண்டும் என்று மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், பகுதி, எந்த ஞாயிறு வர முடியும் என்பதை எழுதிவிட்டுப் போங்கள். கே.ஆர்.புரத்துக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் வீட்டில் ஒரு கூடம் தர முடிந்தவர்கள் முதலில் எழுதுங்கள். வணக்கம்.