யேல்: சென்னையில் சேர்ந்த சொத்து

(காட்சி: சென்னை உயர் நீதிமன்ற வளாகம். கூம்பு வடிவில் ஒரு பழைய கல்லறை.)

இந்தக் கல்லறையில் இரண்டு பேர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், கம்பெனி அதிகாரி. இன்னொருவன் டேவிட் யேல், சின்னப் பையன். அவனுடைய அப்பா எலிஹு யேல். ஆமாம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான்.

பாஸ்டனில் பிறந்தவர், 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார். எழுத்தருக்கு வருடச் சம்பளம் 10 பவுன்தான். அப்புறம் எப்படி இவ்வளவு சொத்து? கம்பெனி வேலைக்கு நடுவே சொந்தக் கணக்கிலும் வியாபாரம் செய்தார். முக்கியமாக வைரம். 1680இல் ஹின்மர்ஸின் விதவை கேத்தரினைக் கல்யாணம் செய்துகொண்டார். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அது. முதல் கணவரின் சொத்தும் கூடவே வந்தது.

1687இல் கவர்னர் ஆனார். அது பஞ்ச காலம். சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். வாங்கியவர்கள் கப்பலேற்றினார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளை அட்லாண்டிக் கடலில் கம்பெனி வசமிருந்த செயின்ட் ஹெலினா தீவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு போட்டது யேல் தலைமையில் இருந்த கோட்டை ஆட்சிக்குழு. 1688இல் அதே குழு அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது. உடனே நல்லவர் என்று சொல்லிவிடாதீர்கள். சென்னைப் பகுதியை ஆண்ட கோல்கொண்டா அரசைப் பிடித்த மொகலாயர்கள் இந்த வியாபாரத்தை விரும்பவில்லை. தடைக்கு அந்த நெருக்கடிதான் முக்கியக் காரணம்.

பதவியை வைத்துச் சொந்த லாபம் பார்த்தார் என்ற புகாரில் 1692இல் கவர்னர் பதவி போனது. 1699இல் பெரும் செல்வத்தோடு லண்டன் திரும்பினார்.

1718இல் கனெக்டிகட்டில் பணத்துக்குத் தவித்த ஒரு கல்லூரிக்கு 417 புத்தகங்கள், ராஜா படம் ஒன்று, ஒன்பது மூட்டைச் சரக்கு அனுப்பினார். சரக்கு விற்று வந்தது 562 பவுன். அவர் சொத்துக்கு அது சில்லறை. ஆனால் கல்லூரிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

(காட்சி: ஓவியம். மேசையைச் சுற்றிப் பெரிய மனிதர்கள்.)

சுமார் 1719இல் வரைந்தது. நடுவில் யேல். பின்னால் குழந்தைகள் விளையாடுகிறார்கள். வலது ஓரத்தில் மது பரிமாறும் கறுப்பினச் சிறுவனைப் பாருங்கள். கழுத்தில் பூட்டிய உலோக வளையம். 2020இல் இந்தப் படத்தை யேல் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் சுவரிலிருந்து இறக்கியது. ஆய்வு செய்துவிட்டுத் திரும்ப மாட்டியது. சிறுவனுக்குப் பத்து வயது இருக்கலாம் என்றார்கள். பெயர் தெரியவில்லை.