ககன்யானும் வெள்ளிப் பயணமும் ஒரே கணக்கில் வேண்டாம்

நண்பர்களே, நேராகக் கணக்குக்கே வந்துவிடுகிறேன். 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ஒரே நாளில் சில விண்வெளித் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு, நாம் கட்டப்போகும் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, மொத்தம் 20,193 கோடி ரூபாய். நிலாவிலிருந்து மண் எடுத்துவரப் போகும் சந்திரயான்-4க்கு 2,104 கோடி. வெள்ளிக் கோளைச் சுற்றப் போகும் கலத்துக்கு 1,236 கோடி.

உடனே 'மனிதனை அனுப்புவது வீண்' என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதீர்கள். விண்கலத்துக்குள் ஆள் உட்கார்ந்துவிட்டால் காற்று, வெப்பம், ஆபத்தில் தப்பிக்கும் வழி, கடலில் பத்திரமாக இறங்குவது என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சோதித்துத்தான் ஆக வேண்டும். மகேந்திரகிரியில் ககன்யான் ராக்கெட்டுக்கான விகாஸ் என்ஜினை அத்தனை முறை எரித்துப் பார்த்தது அதற்குத்தான். அந்தச் செலவில் கை வைக்கவே கூடாது.

மனிதன் போனால் பலன் உண்டு என்பதும் உண்மை. 1990இல் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி, தலைமுடிப் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குப் பிசகியிருந்ததால் படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்தார்கள். அமெரிக்கா ஆட்களை நிலாவுக்கு அனுப்பிய அப்பல்லோ பயணங்கள் 382 கிலோ நிலாக் கல்லும் மண்ணும் கொண்டுவந்தன, சோவியத்தின் மூன்று ஆளில்லா லூனா எந்திரங்கள் சேர்ந்து கொண்டுவந்ததோ 300 கிராமுக்குச் சற்று மேல்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலாவில் நடந்த 12 பேரில் புவியியல் படித்த விஞ்ஞானி ஹாரிசன் ஸ்மிட் ஒருவர்தான், அவரும் கடைசிப் பயணமான அப்பல்லோ 17இல்தான் போனார், அதற்கு மேல் திட்டமிட்டிருந்த மூன்று பயணங்களை, ஆராய்ச்சி சூடுபிடித்த நேரத்தில், செலவைக் காட்டி முன்பே ரத்து செய்திருந்தார்கள். அமெரிக்கா அங்கே போனது சோவியத்தை முந்துவதற்கு. முந்தியாகிவிட்டது, அப்புறம் யாருக்கு அவசரம்?

அதனால்தான் சொல்கிறேன், ககன்யானை அறிவியலின் பெயரில் நியாயப்படுத்த வேண்டாம். நாட்டின் பெருமை, தொழில்நுட்ப வலிமை, நாளைக்கு நம் பிள்ளைகள் விண்வெளியில் வேலை செய்யும் வாய்ப்பு, இதெல்லாம் நல்ல காரணங்கள்தான், அவற்றை வெளிப்படையாகவே சொல்லலாம். ஆனால் அங்கே செலவு கூடினால், அதை ஈடுகட்ட ஆய்வுக் கலங்களின் பணத்தில் கை வைக்கக் கூடாது. நிலாவில் நீரின் தடயத்தைக் காட்டிய சந்திரயான்-1இலும் ஆள் இல்லை, 615 கோடியில் தென்துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3இலும் ஆள் இல்லை.

வெள்ளிப் பயணத்தை 2028 மார்ச்சில் அனுப்பத் திட்டம். பூமியும் வெள்ளியும் தோதாக அமைவது ஏறக்குறைய 19 மாதத்துக்கு ஒருமுறைதான். பணம் நேரத்துக்கு வராமல் அந்த மார்ச்சைத் தவறவிட்டால், முடித்து வைத்த கருவிகளோடு நம் விஞ்ஞானிகள் இன்னொரு 19 மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.