மாத்திரைக்கு முன்னால் நாலு இட்லி

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சிகரெட், பீடியை விடுவதற்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று வரெனிக்லின். மூளையில் நிகோடின் வந்து உட்காரும் இடத்தில் இது முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏக்கம் தணியும், இடையில் ஒன்றைப் பற்றவைத்தாலும் பழைய சுகம் இருக்காது.

முதல் 3 நாள் 0.5 மில்லிகிராம், தினம் ஒன்று. 4 முதல் 7ஆம் நாள் வரை அதையே காலையும் மாலையும். 8ஆம் நாளிலிருந்து 1 மில்லிகிராம், இரண்டு வேளை. மொத்தம் 12 வாரம். பெரும்பாலும் அந்த 8ஆம் நாள்தான் புகையை நிறுத்தும் நாள். இப்படிப் படிப்படியாக ஏற்றுவதே குமட்டலுக்குப் பயந்துதான். முழு அளவு சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்குக் குமட்டும்.

அதில் பாதித் தொல்லை டீக்கடையில் ஆரம்பிக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டீ, அதோடு மாத்திரை. டீ சாப்பாட்டுக் கணக்கில் வராதுங்க. நாலு இட்லி உள்ளே போகட்டும். பிறகு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு மாத்திரை. அப்படியும் குமட்டல் அடங்கவில்லையென்றால் டாக்டர் அளவைக் குறைத்துத் தருவார். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

அடுத்தது கனவு. நேரில் நடப்பது போலவே வரும், திடுக்கிட்டு எழ வைக்கும். நம் ஊரில் ராத்திரி 11 மணிக்குப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுப் படுத்தால் தூக்கம் கெடத்தான் செய்யும். இரண்டாவது மாத்திரையைச் சாயங்காலம் ஆறரை, ஏழுக்கே இரண்டு தோசையோடு முடித்துவிடுங்கள். மலச்சிக்கல், வாயுத் தொல்லையும் வரலாம். தண்ணீர், கீரை, பழம் போதும்.

மனநிலை பற்றிய பயம் பலருக்கு உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் கடும் எச்சரிக்கை போட்டது உண்மை. எட்டாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்த பிறகு அந்த ஆண்டே அதை எடுத்துவிட்டார்கள். புகையை விட்டாலே எரிச்சலும் தூக்கமின்மையும் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்ளட்டும். தற்கொலை எண்ணமோ மூர்க்கமோ தலைகாட்டினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். முகம் வீங்கினாலும், தோல் கொப்பளித்தாலும், நெஞ்சு வலித்தாலும் அப்படியே.

மது பக்கம் போகாதீர்கள். வழக்கமான அளவே தலைக்கேறி, நடந்தது மறந்துபோகலாம். மாட்டுத்தாவணியில் வண்டி எடுக்கும் டிரைவர்கள், தலைசுற்றலோ மயக்கமோ இல்லையென்று தெரியும் வரை ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். வலிப்பு வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் அளவு பாதிதான்.

கடைசியாக, மாத்திரை மேல் வீணாக விழும் ஒரு பழி. மூச்சிரைப்புக்குத் தியோபிலின் சாப்பிடுகிறவர்களுக்குப் புகை அந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாகக் கழித்துக்கொண்டிருக்கும். புகை நின்றதும் மருந்து ரத்தத்தில் தேங்கும். குமட்டும், நெஞ்சு படபடக்கும். அங்கே குறைக்க வேண்டியது தியோபிலினை. அதனால், புகையை நிறுத்தும் தேதியை மூச்சிரைப்புக்குப் பார்க்கும் டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.