வாடகைக்குள் கரண்ட் பில்

நேயர்களுக்கு வணக்கம். வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது என் தொழில். வேலூரில் வீடு தேடி அலைகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு, "கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்பது. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. யாருக்கு அது கட்டுப்படியாகும் என்று கொஞ்சம் பார்ப்போம்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகள்கூட வங்காள எழுத்தில் இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் சமையலறையோடு அறை எடுத்துத் தங்குகிறார்கள். அவர்களுக்கு எல்லாம் சேர்ந்த வாடகைதான் சரி. ஈ.பி. ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பத்து, இருபது நாள் இருக்கிறவர் எந்த பில்லைப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பார்? அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது அடுப்பைப் பற்றித்தான். கேஸ் யார் செலவு, இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க விடுவார்களா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வருஷக்கணக்கில் குடியிருக்கப் போகிற குடும்பத்தின் கணக்கு வேறு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-இல் வந்தது. அது இணைப்புக்கு உரியது, குடித்தனத்துக்கு அல்ல. ஒரே வளாகத்தில் நான்கு குடித்தனம், ஆளுக்கு 200 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி இணைப்பு இருந்தால் நால்வருக்கும் முதல் 100 இலவசம், மீதி மலிவான படியில் போகும் (யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும்). நான்கும் ஒரே இணைப்பில் ஓடினால் மொத்தம் 800 யூனிட். இலவசம் ஒரே ஒரு 100-தான். அதோடு 500-ஐத் தாண்டியதால் கீழ்ப்படிச் சலுகையும் குறைந்து, மேல்படி விலை போடுவார்கள். அந்தக் கூடுதலை வீட்டுக்காரர் தன் கையிலிருந்தா கட்டுவார்? வாடகையில் ஏற்றிவிடுவார், அல்லது சப் மீட்டர், அதாவது ஒவ்வொரு போர்ஷனுக்கும் தானே ஒரு உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் வீடு பார்க்கப் போகும்போது ஹாலையும் சமையலறையையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பலகையையும் எட்டிப் பாருங்கள். ஈ.பி. மீட்டர் எத்தனை, சப் மீட்டர் எத்தனை, உங்கள் போர்ஷனுக்கு எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் போகிறது, ஏ.சி. இல்லாமல் தூங்க முடிவதில்லை. ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சுமார் ஒரு யூனிட் என்று வைத்தாலும், இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை ஒட்டி வந்துவிடும். ஜனவரியில் "எல்லாம் உள்ளே" என்றவர் மே மாதம் "ஏ.சி. மட்டும் தனி" என்பது இதனால்தான். என்னிடம் வரும் சச்சரவுகளில் பாதி இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதாததால் வந்தவை.

தண்ணீரிலும் இதே கதை. போர் தண்ணீர் உள்ளே, சரி. போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கினால் யார் கொடுப்பது? குடிக்கிற கேன் தண்ணீர் பெரும்பாலும் உங்கள் செலவுதான். மோட்டார் கரண்ட், மாடிப்படி விளக்கு, செப்டிக் டேங்க் லாரி, இவற்றையும் பேர் சொல்லி எழுத வையுங்கள். வை-ஃபை இருந்தால் அதையும்.

இன்னொன்று. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வாடகை பாக்கி என்றோ தகராறு என்றோ சொல்லி கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தவும் அதில் இடமில்லை. நிறுத்தினால் அதே அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கரண்ட் வாடகையோடு சேர்ந்தது என்றாலும் குடிபோகும் அன்றைய ரீடிங்கைப் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். நன்றி, வணக்கம்.